நத்தை நடையில் நடுக்கண்டம்

மழைக்காலத்தில் கொல்லைச் சுவரின் மீது தன் வீட்டைத் தானே சுமந்து ஊர்ந்து செல்லும் நத்தையைச் சிறு வயதில் நாம் எல்லோரும் வேடிக்கை பார்த்திருக்கிறோம். ஐம்பது வயதைக் கடந்த பிறகு நாமே அந்த நத்தையாக மாறி, ஆஸ்திரேலியக் கண்டத்தின் நடுப்பகுதியில் பத்தொன்பது நாள்கள் ஊர்ந்து வந்த வரலாற்றை இம்மாதம் நேயர்களுக்குக் கூற விழைகிறோம்.

நம் அண்ணன் 1987-ஆம் ஆண்டு பிழைப்பை நாடி, அக்கண்டத்தின் தென்கரையில் உள்ள அடிலெய்டு நகருக்குச் சென்றவர். போன ஆண்டே, ஒரு நாள்காட்டியில் வந்த வண்ணப் படத்தைச் சட்டம் போட்டு முன்னறையில் மாட்டினார். சமவெளி ஒன்றின் நடுவே தனித்து நிற்கும் செந்நிறப் பெரும்பாறை, பெயர் உலூரு. அடுத்த ஆண்டு அதன் உச்சியில் ஏறி நிற்பேன் என்று வீட்டாரிடம் சொன்னார். அடுத்த ஆண்டு வீட்டுக் கடன் வந்தது. பிறகு பிள்ளைகளின் படிப்பு வந்தது, மகளின் திருமணம் வந்தது. இறுதியில் நெஞ்சு வலி வந்து, இரத்தக் குழாயில் சிறு வலைக்குழல் பொருத்தும்படியும் ஆயிற்று. படம் மட்டும் ஆணியை விட்டு அசையவில்லை.

2019-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவரிடமிருந்து தொலைபேசி வந்தது. "தம்பி, இந்த வருடம் நீ வந்தே ஆக வேண்டும். அக்டோபர் 26-ஆம் தேதியோடு பாறையில் ஏறுவதை நிறுத்திவிடுகிறார்கள். அதற்குப் பிறகு நான் எங்கே போய் ஏறுவது?" ஓய்வு பெற்ற கையோடு பழைய கேரவன் ஒன்றையும் வாங்கி வைத்திருந்தார். ஆயரிடம் அனுமதி பெற்று, ஜூலை மாதத்தில் அடிலெய்டு போய்ச் சேர்ந்தோம்.

கேரவன் என்றதும் நம் ஊரில் திரைப்பட நட்சத்திரங்கள் ஒப்பனை செய்துகொள்ளும் வண்டியே நினைவுக்கு வரும். அண்ணனுடையது அத்தகையது அன்று. பதினெட்டு அடி நீளமுள்ள சிறு வீடு. சக்கரங்கள் உண்டு, இயந்திரம் இல்லை. முன்னே செல்லும் காரின் கொக்கியில் மாட்டி இழுத்துச் செல்ல வேண்டும். உள்ளே கட்டில்கள், எரிவாயு அடுப்பு, சிறு குளிர்பெட்டி, கைகழுவும் தொட்டி. கூரை மீது சூரிய ஒளித் தகடு, அதனால் நிரம்பும் மின்கலம். தரைக்கு அடியில் 160 லிட்டர் தண்ணீர். அவ்வளவுதான் குடும்பம்.

ஏற்றும் சுமையில் ஒரு கணக்கு இருக்கிறது. கனமான பொருள்களை அச்சுக்கு மேலே, வண்டியின் நடுவில் வைக்க வேண்டும். பின்னால் பாரம் கூடினால் வேகம் எடுக்கும்போது வண்டி வால் ஆட்டத் தொடங்கும். அந்த ஆட்டம் காரையும் சேர்த்துக் கவிழ்த்துவிடக் கூடும். அண்ணி இருபது கிலோ அரிசி மூட்டையைப் பின் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்ததை முதல் முப்பது கிலோமீட்டரிலேயே வண்டி எங்களுக்கு அறிவித்துவிட்டது. ஓரமாக நிறுத்தி மூட்டையை நடுவுக்கு இடம் மாற்றினோம். "அரிசி இல்லாமல் போயிருந்தால் இந்தத் தொல்லை இல்லை" என்றார் அண்ணன். "அரிசி இல்லாமல் நீங்கள் போயிருக்கவே மாட்டீர்கள்" என்றார் அண்ணி.

அடிலெய்டுக்கு வடக்கே ஏறக்குறைய 300 கிலோமீட்டரில் போர்ட் அகஸ்டா என்னும் ஊர். அங்கே தொடங்கும் ஸ்டூவர்ட் நெடுஞ்சாலை, வடகரையில் உள்ள டார்வின் நகர் வரை 2,700 கிலோமீட்டருக்கு மேல் நீளுகிறது. 1862-இல் தெற்கிலிருந்து வடகடலை எட்டிய ஜான் மெக்டூவல் ஸ்டூவர்ட்டின் பெயரை அது தாங்கி நிற்கிறது. தென் ஆஸ்திரேலியப் பகுதியில் அது முழுமையாகத் தார்ச் சாலையானதே 1987-இல்தான். அதாவது, அண்ணன் அந்நாட்டில் காலடி வைத்த ஆண்டு.

இச்சாலை செல்லும் நிலத்தை 'அவுட்பேக்' என்கிறார்கள். கொல்லைப்புறத்துக்கும் அப்பால் என்று அதற்குப் பொருள் கூறலாம். இரும்புத் துரு கலந்த செம்மண், குட்டையான முல்கா மரங்கள், முள் போன்ற புல் பற்றைகள், அதற்கு மேல் வானம். மணிக்கணக்காக ஓட்டினாலும் காட்சி மாறாது என்று சிலர் சலித்துக்கொள்வார்கள். முதல் நாள் நாமும் அப்படித்தான் எண்ணினோம். மூன்றாம் நாள் மண்ணின் சிவப்பிலேயே நான்கைந்து வகை தெரியத் தொடங்கியது.

அச்சாலையின் தென் ஆஸ்திரேலியப் பகுதியில் 110 கிலோமீட்டர் வேகம் வரை செல்லலாம். கேரவனை இழுப்பவர்கள் பெரும்பாலும் தொண்ணூறைத் தாண்டுவதில்லை. தாண்டினால் டீசல் கரையும். வண்டியும் கைக்கு அடங்காது. மூன்று நான்கு தொடர்களைக் கோத்து இழுத்து வரும் 'ரோடு டிரெயின்' எனப்படும் பெருலாரிகள், 53.5 மீட்டர் நீளம் வரை அனுமதிக்கப்பட்டவை, எதிரே வரும்போது அவற்றின் காற்று முதலில் நம்மை வெளியே தள்ளும், பிறகு உள்ளே இழுக்கும். பின்னாலிருந்து வந்தால், ஓட்டுநர் வானொலியின் 40-ஆம் அலைவரிசையில் கூப்பிடுவார். நாம் வேகத்தைச் சற்றே தளர்த்தி அவருக்கு வழி விட வேண்டும். பொழுது சாயத் தொடங்கியதும் கங்காருக்கள் சாலைக்கு வந்துவிடும். ஆகையால் மாலை நான்கு மணிக்கெல்லாம் வண்டியை நிறுத்திவிடுவது அறிவுடையோர் வழக்கம். எதிரே வரும் ஒவ்வொருவரும் சுக்கானிலிருந்து ஒரு விரலை உயர்த்தி வணக்கம் தெரிவிக்கிறார்கள். அந்த ஒற்றை விரல் மரியாதையைக் கற்றுக்கொள்ள நமக்கு இரண்டு நாள் பிடித்தது. முழுக் கையையும் உயர்த்திக்கொண்டிருந்தோம்.

பிம்பா என்னும் சிற்றூருக்கு வடமேற்கே ஹார்ட் ஏரி. தண்ணீர் இல்லை, கண்ணுக்கெட்டிய தொலைவு வரை வெள்ளை உப்பு. கரையோரம் இருப்புப் பாதை. அதில் செல்லும் நெடுந்தொலைவு இரயிலுக்குக் 'கான்' என்று பெயர். ஒட்டகங்களை ஓட்டி இப்பாலை நிலத்திற்குச் சுமை கொண்டு சென்றவர்களை 'ஆப்கானியர்' என்று பொதுவாக அழைத்தார்கள். அச்சொல்லின் வால்தான் இந்தக் 'கான்'. அவர்களில் பலர் உண்மையில் பலூசிஸ்தானம், பஞ்சாப், சிந்து முதலிய, அன்றைய இந்தியாவைச் சேர்ந்த பகுதிகளிலிருந்து வந்தவர்கள்.

ஏரிக்கரையில் அன்று எங்களோடு ஏழெட்டுக் கேரவன்கள். பெரும்பாலோர் ஓய்வு பெற்ற தம்பதியர். தெற்கே குளிர்காலம் தொடங்கியதும் வடக்கே வெப்பம் தேடிப் போகும் இவர்களை அந்நாட்டில் 'நரைத்த நாடோடிகள்' என்கிறார்கள். மாலையானதும் ஆளுக்கொரு மடக்கு நாற்காலியோடு வட்டமாக அமர்கிறார்கள். எங்கே தண்ணீர் கிடைக்கும், எந்த ஊரில் டீசல் விலை கொள்ளை, யாருக்கு எந்த மூட்டு வலி: இதுவே பேச்சு. அண்ணி கொண்டுபோன முறுக்கு அந்த வட்டத்தில் ஒரே சுற்றில் தீர்ந்தது. இரவில் குளிர் எலும்பைத் தொட்டது. பால்வழி மண்டலத்தின் நடுவே ஒளியற்ற கருந்திட்டுகளைக் காட்டி, அதோ ஈமு பறவை என்றார் பக்கத்து வண்டிக்காரர். நாம் விண்மீன்களைக் கோத்து உருவம் காண்கிறோம். அந்நாட்டுப் பழங்குடியினரோ விண்மீன் இல்லாத இருளிலும் உருவம் கண்டிருக்கிறார்கள்.

மறுநாள் காலையும் அங்கேயே இருந்திருக்கலாம். அண்ணனுக்கோ பொறுக்கவில்லை. யூலாராவில் இடம் கிடைக்காமல் போய்விடுமே என்ற கவலை. யூலாரா என்பது உலூருவுக்கு ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தொலைவில், பயணிகளுக்காகவே எழுந்த ஊர். பாறை உள்ள தேசியப் பூங்காவுக்குள் முகாமிட அனுமதி இல்லை. மூடும் நாள் நெருங்கியதால் நாடெங்கிலுமிருந்து குடும்பங்கள் திரண்டு வந்துகொண்டிருந்தன. அன்று காலை அண்ணன் வழக்கமாகச் செய்யும் ஒன்றைச் செய்யாமல் புறப்பட்டார். சக்கரங்களின் காற்றை அளக்கவில்லை.

கிளெண்டாம்போ என்னும் ஊரின் வாயிலில் ஒரு பலகை பார்த்தோம். மக்கள் தொகை: ஆடுகள் 22,500, ஈக்கள் 20 இலட்சம், மனிதர் 30. சிரித்துக்கொண்டே டீசல் நிரப்பினோம். அடுத்த டீசல் 254 கிலோமீட்டருக்கு அப்பால், கூபர் பீடியில். அவ்வழியில் ஏறத்தாழ நூறாவது கிலோமீட்டரில் கேரவனின் இடப்புறச் சக்கரம் வெடித்தது. மாற்றுச் சக்கரம் இருந்தது, அதிலும் காற்றில்லை. கைப்பேசியில் தொடர்பு இல்லை. அண்ணன் சாலையோரம் அமர்ந்து நெஞ்சைத் தடவிக்கொண்டதைக் கண்டு நமக்கு உள்ளம் நடுங்கியது.

அந்நெடுஞ்சாலையில் சில இடங்களில் தார் மீதே வெள்ளைக் கோடுகள் தீட்டி வைத்திருக்கிறார்கள். பறக்கும் மருத்துவர் சேவையின் விமானங்கள் அவசரத்தில் இறங்குவதற்கான ஓடுதளம் அது. காலையில் வேடிக்கையாகப் பார்த்து வந்த அந்தக் கோடுகளின் பொருள், அந்த ஒரு மணி நேரத்தில் நமக்கு நன்றாக விளங்கிற்று.

நல்லவேளையாக அது தேவைப்படவில்லை. எதிர்த் திசையில் வந்த கேரவன் ஒன்று நின்றது. எழுபதைத் தாண்டிய கணவன் மனைவி. அவர் மின்கலத்தில் ஓடும் காற்றடிப்பானை எடுத்து வந்தார். அந்த அம்மாள் யாரும் கேட்காமலே தேநீர் போட்டார். சக்கரம் மாற்ற நாற்பது நிமிடம் பிடித்தது. அதற்குப் பிறகும் அவர்கள் ஒரு மணி நேரம் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தப் பெரியவருக்கு அது புதுமையாக இருந்தது போலும். எந்த ஊரில் என்ன மணிக்கு யார் காத்திருக்கிறார்கள் என்று விசாரித்தார். யாரும் இல்லை என்று அண்ணன் ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

கூபர் பீடியில் அதே அளவுள்ள சக்கரம் தெற்கேயிருந்து லாரியில் வந்து சேர இரண்டு நாள் ஆயிற்று. அண்ணனுக்குச் சிறைவாசம், எங்களுக்கு விருந்து. 1915-ஆம் ஆண்டு பிப்ரவரியில், பொன் தேடி வந்த குழுவில் இருந்த பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன் இங்கே ஓபல் கல்லைக் கண்டெடுத்தான். அன்றுமுதல் தோண்டிய குழிகள் ஊரைச் சுற்றிலும் வாய் பிளந்து கிடக்கின்றன. கோடையில் வெயில் 45 பாகையைத் தொடும். ஆகவே பலர் பாறையைக் குடைந்து நிலத்தடியில் வீடு அமைத்து வாழ்கிறார்கள். அங்கே ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 24 பாகைதான். புனித இராயப்பர், சின்னப்பர் பெயரால் நம் கத்தோலிக்க ஆலயமும் அவ்வாறே நிலத்துக்கு அடியில் இருக்கிறது. சுவர்களில் பூச்சு இல்லை. பாறையைக் குடைந்த தடமே அலங்காரம். வெளியே காற்று ஊளையிட, உள்ளே நம் மூச்சு நமக்கே கேட்டது. அண்ணி வெகுநேரம் முழந்தாளில் இருந்தார். என்ன வேண்டிக்கொண்டார் என்று நாம் கேட்கவில்லை. மறுநாள் அவரே சொன்னார். "சாமி, இவர் ஏறாமல் இருக்க வேண்டும். நீங்கள் சொன்னால் கேட்பார்."

இங்கே நேயர்களிடம் இரண்டு உண்மைகளை ஒப்புக்கொள்ள வேண்டும். பங்கில் ஆயிரம் பேருக்கு அறிவுரை கூறுகிறோம். மூத்த அண்ணனுக்கு அறிவுரை கூறும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. மற்றொன்று, நமக்கும் ஏறும் ஆசை இருந்தது. ஆகவே வாயைத் திறக்கவில்லை.

வடக்கு ஆட்சிப்பகுதிக்குள் நுழைந்து, எர்ல்டண்டா என்னும் சந்திப்பில் மேற்கே திரும்பினோம். லாசெட்டர் நெடுஞ்சாலை. பொன் பாறை ஒன்றைக் கண்டதாகச் சொல்லி அதைத் தேடிப் போய் 1931-இல் பாலையில் மாண்டவர் லாசெட்டர். அவர் சொன்ன பாறை இன்றுவரை அகப்படவில்லை. பெயர் சாலைக்குக் கிடைத்தது. வழியில் தொடுவானத்தில் செம்மலை ஒன்று எழுந்ததும் அண்ணன் வண்டியை நிறுத்தி இறங்கினார். கண்களில் நீர் ததும்ப நின்றார். அது உலூரு அன்று, கானர் மலை என்று அருகே நின்றவர் சொன்னார். நாள்தோறும் பலர் அங்கே இப்படித்தான் ஏமாறுகிறார்களாம். அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பேசாமல் வண்டியை எடுத்தார்.

யூலாராவில் முகாம் நிரம்பி வழிந்தது. இடம் கிடைக்காதவர்கள் சாலையோரங்களில் தங்கி, கழிவுகளை மண்ணில் கொட்டிச் சென்ற செய்திகள் அம்மாதம் நாளேடுகளில் வந்தன. கூடுதலாக ஒதுக்கிய புழுதித் திடலில் எங்களுக்கு இரண்டு இரவுகளுக்கு இடம் கிடைத்தது. ஏரிக்கரையில் கண்ட அமைதியை இங்கே காணவில்லை. எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் விடியுமுன் பாறையின் அடிவாரத்தை அடைந்தோம். படத்தில் பார்த்தது வேறு, நேரில் நிற்பது வேறு. சமவெளியிலிருந்து 348 மீட்டர் உயரம். கதிரவன் எழ எழச் சாம்பல், ஊதா, குருதிச் சிவப்பு என நிறம் மாறியது. 1873-இல் ஒரு நில அளவையாளர் தென் ஆஸ்திரேலிய முதன்மைச் செயலாளரின் பெயரால் இதற்கு 'அயர்ஸ் பாறை' என்று பெயரிட்டார். அதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அங்கு வாழ்ந்த அனங்கு மக்கள் இதை உலூரு என்றே அழைத்து வந்தார்கள். 1985 அக்டோபர் 26-இல் அரசு நிலத்தை அவர்களுக்குத் திருப்பி அளித்தது. ஏறுவதை நிறுத்த அதே தேதியைத் தேர்ந்துகொண்டது அதனால்தான்.

அடிவாரத்தில் அவர்கள் வைத்த அறிவிப்புப் பலகை. தடை என்று அதில் இல்லை. ஏற வேண்டாம் என்ற வேண்டுகோள்தான். அவ்வழி, தங்கள் முன்னோரான மாலா மனிதர் முதன்முதலில் வந்த வழி, தாங்கள் ஏறுவதில்லை. வந்தவர்களுக்குத் தங்கள் நிலத்தில் தீங்கு நேர்ந்தால், அதன் துயரம் தங்களையே சாரும் என்பது அவர்களுடைய முறை. ஏறியவர்களில் 35 பேருக்கு மேல் அதுவரை உயிரிழந்திருக்கிறார்கள். பலருக்கு இருதயமே நின்றுவிட்டது.

அன்று உச்சியில் பலத்த காற்று வீசியதால் வழியைப் பூட்டி வைத்திருந்தார்கள். அண்ணன் புதிதாக வாங்கிய காலணியோடு சங்கிலிக்கு எதிரே அசையாமல் நின்றார். 1960-களில் பதித்த அந்தச் சங்கிலி, பாறையின் மீது மெல்லிய கோடாக மேலேறி மறைந்தது. சிறிது நேரத்துக்குப் பின், "சரி, சுற்றி நடப்போம். நாளைக்கு இருக்கிறதே" என்றார்.

பாறையைச் சுற்றி வரும் பாதை பத்துக் கிலோமீட்டருக்குச் சற்றே அதிகம். ஐந்து மணி நேரம் நடந்தோம். நம் ஊரில் சுற்றுலாப் பேருந்து ஏறினால் மூன்று நாளில் ஏழு ஊர், ஊருக்கு அரை மணி. ஒரே கல்லை ஐந்து மணி நேரம் பார்க்கலாம் என்பது நமக்குப் புதிது. தொலைவில் வழவழப்பாகத் தோன்றியது, அருகே செல்லச் செல்ல மடிப்பும் பிளவும் குகையுமாக விரிந்தது. குகைகளில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லத் தீட்டிய ஓவியங்கள். கான்ஜு இடுக்கில் பாறைச் சுவரின் அடியில் சிறு நீர்நிலை. அங்கே எல்லோரும் தாமாகவே குரலைத் தாழ்த்தினார்கள். சில இடங்களில் படம் எடுக்க வேண்டாம் என்று எழுதியிருந்தது. ஆண்களுக்கென்றும் பெண்களுக்கென்றும் தனித்தனியே உரிய புனித இடங்கள் அவை. அண்ணன் ஒவ்வொரு முறையும் கைப்பேசியைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டதைக் கவனித்தோம்.

வழியில் ஓரிடத்தில் அமர்ந்து தயிர்ச் சோறு உண்டபோது அண்ணி மெதுவாகத் தொடங்கினார். "சாமி, மேலேயிருந்து விழுந்து செத்தால் அழப்போவது இந்த மக்கள். படம் எடுத்துக்கொண்டு போவது மட்டும் நாமா?" நம்மைப் பார்த்துத்தான் கேட்டார். அண்ணன் விடை சொல்லவில்லை. நாமும் சொல்லவில்லை.

மறுநாள் காற்று அடங்கிவிட்டது. ஏழு மணிக்கெல்லாம் பக்கத்து வண்டிகளிலிருந்து பிள்ளைகள் கத்திக்கொண்டு வந்தார்கள்: வழி திறந்துவிட்டது! கார்கள் புழுதி கிளப்பிப் பறந்தன. நாம் காலணியை மாட்டிக்கொண்டு வெளியே வந்தோம். அண்ணன் கம்பளிக் குல்லாயோடு மடக்கு நாற்காலியில் அமர்ந்து, அடுப்பில் தேநீர்ப் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். புதுக் காலணி கேரவன் படியில் கிடந்தது.

"நீ போவதென்றால் போய் வா, தம்பி" என்றார்.

நாம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அமர்ந்தோம். அண்ணி உள்ளிருந்து மூன்றாவது கோப்பையை நீட்டினார். தொலைவில், எறும்பு வரிசை போல மனிதர்கள் மேலேறுவது தெரிகிறதா என்று பார்த்தோம். அவ்வளவு தூரத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை. பத்து மணிக்குமேல்தான் கிளம்பினோம். சக்கரங்கள் நான்கையும் காரின் சக்கரங்களையும் அண்ணன் நிதானமாக அளந்தார்.

உலூருவிலிருந்து ஏறக்குறைய 450 கிலோமீட்டரில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ். அவ்வூருக்கு மேற்கே, பறக்கும் மருத்துவர் சேவையை 1928-இல் தொடங்கிய பிரெஸ்பிட்டேரியன் சபைப் போதகர் ஜான் ஃபிளின் அவர்களின் கல்லறை உள்ளது. சக்கரம் வெடித்த நாளை எண்ணி அங்கே சென்று செபித்தோம். கல்லறையின் மேல் பெரிய உருண்டைப் பாறை. முதலில் வைத்தது இதுவன்று. அது வடக்கே கார்லு கார்லு என்னும் புனித இடத்திலிருந்து, உரியவர்களின் சம்மதமின்றி எடுத்து வரப்பட்டது. நெடுங்காலம் கேட்டுப் பெற்று, 1999-இல் அதை அதன் இடத்துக்கே கொண்டு சேர்த்தார்கள். கல்லறை வெறுமையாக இருக்கலாகாது என்று ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் பகுதியின் அரெண்டே மக்கள் தம் நிலத்திலிருந்து வேறொரு பாறையைத் தந்தார்கள்.

மாலையில் பழைய தந்தி நிலையத்துக்குச் சென்றோம். 1872-இல் கண்டத்தைக் குறுக்கே கடந்த தந்திக் கம்பி இவ்வழியே சென்றது. கடலடிக் கம்பியாக ஜாவா, சிங்கப்பூர், பினாங்கு சென்று, அங்கிருந்து நம் சென்னப்பட்டினத்தைத் தொட்டு, இலண்டன் வரை அது நீண்டது. மாதக்கணக்கில் கப்பலில் வந்த செய்தி சில மணி நேரத்தில் வந்து சேர்ந்ததாம்.

அந்நிலையத்தின் முற்றத்தில் நின்றபோது அண்ணனின் கைப்பேசி ஒலித்தது. அடிலெய்டிலிருந்து பேரன்.

"தாத்தா, உச்சியில் நின்ற படம் எங்கே?"

"உச்சி இல்லையடா. சுற்றி நடந்தோம், பத்துக் கிலோமீட்டர். அந்தப் படங்கள் இருக்கின்றன. சில இடங்களில் எடுக்கவில்லை."

"ஏன் எடுக்கவில்லை?"

"வந்து சொல்கிறேன். கொஞ்ச நாள் ஆகும், மெதுவாகத்தான் வருவோம்."

அண்ணி தண்ணீர்த் தொட்டியின் அளவைப் பார்க்க வண்டிக்குப் போனார். ஹார்ட் ஏரியில் இம்முறை இரண்டு இரவு தங்குவது என்று முடிவாயிற்று.